கந்தப்பளையில் ஜனவரி

உர பேக் நாலைப் பிரித்துத் தைத்துக்
கூட்டுக்கு மூணு பக்கம் கட்டினேன்.
மேலே ஒரு சாண் விட்டேன்,
மூச்சு ஈரம் வெளியே போகட்டும்.
முழுக்க அடைத்த வருஷம்
சேவலின் கொண்டை நுனி கறுத்து உதிர்ந்தது.

கொண்டைக்குத் தேங்காய் எண்ணெய்.
போத்தலில் உறைந்ததைக்
கக்கத்தில் வைத்து உருக்கினேன்.
"எனக்கு இப்படித் தேய்ச்சதில்லையே"
கம்பளிக்குள்ளிருந்து தவராசா.

விடிய நாலரை.
பீலிக்கரைப் புல் காலடியில் நொறுங்குகிறது.
தண்ணிச் சட்டியைக் கவிழ்த்தேன்,
வட்டமாய் விழுந்தது கண்ணாடி
உள்ளே ஒரு இறகோடு.

தேத்தண்ணிக்குக் காய்ந்ததில் பாதியை விளாவி ஊற்றினேன்.
ஆறும் குடித்தன,
ஒவ்வொரு மிடறுக்கும்
வானத்தை அண்ணாந்து பார்த்தபடி.

எங்கள் காம்பராக் கூரை ஓட்டையிலும்
அதே வானம்தான்.
பேக் சேர்த்தது அதை அடைக்க.
அவரிடம் இன்னும் சொல்லவில்லை.