முடிச்சவிழ்க்கி

பன்னிரண்டாம் எண் பேருந்தின் கடைசி இருக்கையில்
கிடந்ததாம் அந்தப் பட்டு ஸ்கார்ஃப்.
ஓட்டுநர் கொண்டுவந்து மேசைமேல் போட்டார்,
ஒற்றைக் கையுறை, ஊன்றுகோல்,
பாதி தின்ற ரொட்டியோடு.
சீட்டெழுதி ஒட்டினேன்:
நானூற்றுப் பதினேழு. பட்டு. சதுரம். ஆள் இல்லை.

திரியெஸ்தே நகரில் போரா வீசும் நாட்களில்
மனிதர்கள் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொள்வார்கள்.
தொப்பியும் குடையும் எங்கள் அறைக்கு வந்து சேரும்.
ஓராண்டு பொறுத்திருந்து, பிறகு ஏலம்.
அதுதான் விதி.
நான் ஒன்பது நாள் பொறுத்தேன்.

காரணம் கேட்காதீர்கள். அழகாயிருந்தது, அவ்வளவுதான்.
எனக்குக் கை நீளமில்லை.
கழுத்துதான் நீளம்.

மூலைக்கொரு படம் அதில்.
கொக்கு, எலுமிச்சை, சாவி.
நான்காவதில் படகு;
பாயின் நடுவே சிகரெட் சுட்ட ஓட்டை, பயறளவு.
குறுக்கே மடித்தால் கொக்கு மட்டும் தெரியும்.
நெடுக்கே மடித்துச் சுருட்டினால் வெறும் ஆரஞ்சுக் கரை.
திங்களன்று கழுத்தில்.
செவ்வாயன்று தலைக்கு மேல், பிடரியில் முடிந்து,
பாவமன்னிப்புக்குப் போகிறவள் மாதிரி.
பிறகு கைப்பையின் காதில்,
கால்சட்டை வளையங்களில் நுழைத்து இடுப்பில்,
கைக்கடிகாரம் நின்றுபோன வாரம் முழுக்க
மணிக்கட்டில் மூன்று சுற்று.
"எத்தனைதான் வைத்திருக்கிறாய் ஒந்தீனா?
உனக்கும் எனக்கும் ஒரே சம்பளம்தானே"
என்றார் பக்கத்து மேசை துல்லியோ.
ஓட்டையை மட்டும் எப்போதும்
மடிப்புக்கு உள்ளே வைத்தேன்.

திருடர்களை முடிச்சவிழ்க்கி என்பார்கள்.
நான் முடிச்சுப் போட்டுப் போட்டே திருடினேன்.

ஏழாம் மாதம் அவர் வந்தார்.
நிவெஸ் ஷ்கபார், கார்ஸ்ட் மேட்டிலிருந்து,
முழங்கை தேய்ந்த மழைக்கோட்டில்.
"நிறம்?" என்றேன், படிவத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல்.
"காலையில் ஆரஞ்சு. மாலையில் சொல்ல முடியாது."
"அடையாளம்?"
"படகில் ஒரு ஓட்டை. என் தங்கை சுட்டது.
சிரித்த சிரிப்பில் சாம்பலைத் தட்ட மறந்துவிட்டாள்."
"எப்படிக் கட்டுவீர்கள்?"
படிவத்தில் இல்லாத கேள்வி. ஏன் கேட்டேன்?
"கட்டவா? கை முறிந்த குளிர்காலத்தில் அதுதான் தூளி.
நாய்க்குட்டியின் வார் அறுந்தபோது அதுதான் வார்.
உங்களுடையது நேர்த்தி.
என்னுடையதற்கு இப்படி உட்காரத் தெரியாது."

முடிச்சுக்குள்ளே, தொண்டைக்குழியில்,
அந்தச் சிகரெட் மறுபடி கனிந்தது.

"அலமாரியில் பார்க்கிறேன்" என்று உள்ளே போனேன்.
எப்போதும் வழுக்கி அவிழ்கிற பட்டு
அன்று பார்த்து நகத்துக்கு மசியவில்லை.
அவிழ்த்தேன். உள்ளங்கையால் நீவினேன்.
என் சூடு ஆறட்டும் என்று
ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன்.
கண்ணாடிக்கு அவ்வளவு அவசரமில்லை.

கொண்டுவந்து வைத்தபோது
அவர் முதலில் பார்த்தது என் வெறுங்கழுத்தை.
பிறகு படகை.
ஓட்டையில் ஒரு கண் வைத்துப் பார்த்தார்:
துல்லியோவை, சுவர்க் கடிகாரத்தை,
நின்று நிதானித்து என்னை.
கையெழுத்திட்டார்.
"அந்த முடிச்சை இன்னொரு தரம் போடுங்கள்" என்றார்.
"எனக்கு."

போட்டேன். விரல் நடுங்கியது.
வெட்கங்கெட்ட முடிச்சு, நன்றாகவே வந்தது.
கவுன்ட்டர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்.
கொஞ்சம் திருப்பினார்.
உள்ளே நான் செருகியிருந்த ஓட்டையை
வெளியே இழுத்து
எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

கதவு திறந்ததும் போரா நுழைந்து
காகிதங்களைக் கலைத்தது.
நானூற்றுப் பதினேழாம் சீட்டு
துல்லியோவின் காலடியில் விழுந்தது.
எடுத்தார். தேதியைப் படித்தார். மறுபடி படித்தார்.
"குளிருமே உனக்கு" என்றார், அவ்வளவுதான்.

நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு
அடுத்த பெட்டியைத் திறந்தேன்.
பதினொரு குடைகள்.