யார் எழுந்து போவது

வின்னிபெக்கின் வடபகுதியில்,
ரயில்பாதைக்கு இந்தப் பக்கம்,
ஒன்பது பேர் சேர்ந்து வாழும் வீடு.
ஒரே குளியலறை.
சம்பளமெல்லாம் போய் விழுகிற ஒரே கணக்கு.
போன மாதம் அதில் மிஞ்சியது
பதினோரு டாலரும்
வெண்ணெயை வழித்துத் தின்றது யார் என்ற வழக்கும்.

வந்த புதிதில் பெரிய திட்டங்கள் வைத்திருந்தோம்.
கெர்டா சுவரில் அட்டவணை ஒட்டினாள்:
செவ்வாய் சூப்பு, வியாழன் வீட்டுப்பாடம்,
சனி மாலை தெருவுக்காக ஜெபம்.
முதல் செவ்வாய் காய்ச்சிய நாற்பது கிண்ணம் சூப்பை
வெள்ளிவரை நாங்களே குடித்தோம்.

எதிர்வீட்டு ரோமுலோ வேலியோரம் வந்தான்.
சிகரெட்டைப் பனியில் அழுத்தி அணைத்துவிட்டுக் கேட்டான்:
"பகலில் உங்கள் வீட்டில் ஆள் இருக்குமா?"
"எப்போதும் யாராவது இருப்போம்."
"அப்படியென்றால் இதை வைத்திருங்கள்" என்று
வீட்டுச் சாவியை நீட்டினான்.

அவ்வளவுதான் தெரு கேட்டது.
ஆள் இருக்கிற ஒரு வீடு.

இப்போது சமையலறைக் கதவுக்குப் பின்னால்
ஆணிகளில் பதினேழு சாவிகள்.
குளிர்பெட்டியில், முட்டைகளுக்குப் பக்கத்தில்,
எர்வினின் இன்சுலின்.
அவன் தங்கும் விடுதியில் வைத்தால் திருட்டுப் போகிறதாம்.
என் கட்டிலடியில் ஒரு சூட்கேஸ்;
புருஷன் கண்ணில் படாமல் ஷெரில் கொண்டுவந்து வைத்தது.
தரை துடைக்கும்போதும்
அதைச் சுற்றித்தான் துடைக்கிறேன்.

மணி அடிக்கும்.
ஜனவரியில், மைனஸ் முப்பத்தொன்றில்,
விடியாத மூன்றேகாலுக்குக்கூட.

சொல்லிவிடுகிறேன்.
மணி அடித்தால் நான் அசைய மாட்டேன்.
போர்வைக்குள் மூச்சை நீளமாக்கித்
தூங்குகிறவன் மாதிரி விடுவேன்.
கதவைத் தட்டுகிறவனைப் பற்றி
உருக்கமாகப் பிரசங்கிக்கத் தெரிந்தவர்கள்
இந்த வீட்டில் மூன்று பேர்.
அதில் நானும் ஒருவன்.

இரண்டாம் மணிக்குள் மரப்படி முனகும்.
இறங்குவது யாரென்று காலோசையிலேயே சொல்வேன்:
இடது குதிகால் அழுந்தினால் ஒசாரோ,
பேக்கரிக்கு நாலரைக்குக் கிளம்ப வேண்டியவன்.
செருப்பு தேய்ந்தால் கெர்டா.
அந்த ஓசை கேட்டதும் வரும் பாருங்கள் ஒரு நிம்மதி,
அதற்கு மன்னிப்பு கேட்க
எந்த ஜெபத்தில் இடமிருக்கிறதென்று தெரியவில்லை.

ஒரு திங்கள் இரவு மணி அடித்தது.
படி முனகவில்லை.
மறுபடி அடித்தது.
வீடு முழுக்க நீள மூச்சுகள்.
ஒன்பது பேரும்
ஒருவரையொருவர் நம்பிப் படுத்திருந்தோம்.

மூன்றாவது முறை அடிக்கவில்லை.

அதுதான் என்னை எழுப்பியது.
வெறுங்காலோடு ஓடிக் கதவைத் திறந்தால்
வாசலில் ஆள் இல்லை.
பனியில் காலடிகள் வந்து,
சற்று நின்று மிதித்து,
திரும்பிப் போயிருந்தன.
படியில் எங்கள் பெரிய சூப்புப் பாத்திரம்,
எப்போது இரவல் போனதோ,
கழுவிக் கவிழ்த்து.
அதன்மேல் ஒரு சாவி,
காற்று கொண்டுபோகாதபடி
அதனடியில் ஒரு துண்டு அட்டை:

"414-இலிருந்து.
பிள்ளையைப் பார்த்துக்கொள்பவள் வரவில்லை.
எனக்கு ஷிஃப்ட் நாலு மணிக்கு.
பையன் ஏழுக்கு எழுவான்.
இருட்டென்றால் பயப்படுவான்."

பெயர் இல்லை. தயவுசெய்து என்றுகூட இல்லை.
நான்கு வீடு தள்ளி
ஒரு சன்னலில் மட்டும் மஞ்சள் விளக்கு.

இருட்டில் காலுறை தேடினேன்.
கிடைத்தது கெர்டாவுடையது ஒன்று,
யாருடையதோ ஒன்று.
அது எங்கள் வீட்டில் வழக்கம்தான்.
பூட்ஸுக்குள் காலை நுழைக்கும்போது
மேலே படி முனகியது.

"யாரது?" ஒசாரோவின் குரல்.
"நான்தான். நீ படு."

அவன் திரும்பி நடந்தான்.
கட்டில் கிறீச்சிட்டது.
சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
கொஞ்சம் நின்றேன்.
மேலே ஒரு மூச்சு
மெல்ல நீளமாவது கேட்டது.