நாற்பத்து மூன்று கன்றுகள்

சனிக்கிழமைகளில் இணக்கசபை
முத்தையன்கட்டுப் பள்ளிக்கூடத்தில் கூடும்.
அன்றைக்குப் பெரிய வகுப்புகளில் பரீட்சை.
எங்களுக்குத் தரம் ஒன்றைத் திறந்துவிட்டார்கள்.
கயிற்றில் தொங்கும் மெழுகுவர்ண யானைகள்,
கரும்பலகையில் அழிக்காத ஒரு பெரிய ‘அ’,
முழங்கால் உயரத்தில் நீலப் பிளாஸ்ரிக் கதிரைகள்.

நான் மூன்றாவது மத்தியஸ்தன்.
கையெழுத்து நல்லதென்று
பேனையை எப்போதும் என்னிடம்தான் தருவார்கள்.

முறைப்பாட்டுக்காரி தெய்வானை:
“என் நாப்பத்து மூணு மொளகாக் கன்ன
இவரு கன்னு தின்னுருச்சுங்க.”
தலைவர் கண்ணாடியைக் கழற்றி
“கன்று கன்றைத் தின்றதோ?” என்றார்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
எட்டு மாதமாக ஒரே வாய்க்காலில்
முகம் பாராமல் தண்ணீர் மறிக்கிறவர்கள்.

எதிராளி புண்ணியமூர்த்தி:
“கன்றில்லை, நாம்பன்.
வேலி எண்டால் வேலி மாதிரி இருக்கவேணும்.
இவையள் எங்கையோ இருந்து வந்து...”

அந்த ‘எங்கையோ’
அறைக்குள் இறங்க இடமில்லாமல் நின்றது.
தெய்வானையின் தகப்பன் எழுபத்தேழில்
ஒரு தகரப்பெட்டியோடு இங்கே வந்தவர்.
அவள் பிறந்தது இதே வலதுகரையில்.
அதை அவள் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன்.

“என்னத்தைக் கதைக்கிறது, நான் போறன்”
புண்ணியமூர்த்தி எழுந்தார்.
கதிரையும் எழுந்தது.

பெரிய உடம்பு, வெள்ளை வேட்டி, கோபம்,
பின்னால் ஒரு நீலக் கதிரை.
கதவுவரை நடந்தார். அதுவும் நடந்தது.
நிலையில் ‘டக்’கென்று தட்டியது.

நாங்கள் மூவரும் யானைகளைப் பார்த்தோம்.
தலைவர், வராத இருமலை இருமினார்.
அந்த நொடியில் ஒரு சிரிப்பு
பிழையான பக்கத்தில் விழுந்திருந்தால்
வழக்கு கோட்டுக்குப் போயிருக்கும்,
பிறகு பிள்ளைகளுக்கும் போயிருக்கும்.

தெய்வானை எழுந்துபோய்
கதிரையின் இரண்டு காலையும் பிடித்தாள்.
“மூச்ச உள்ள இழுங்கண்ணே.”
இழுத்தார்.
“இப்ப இல்ல, நான் சொல்றப்ப.”
கதிரை வந்தது. வந்த வேகத்தில் அவள்
கரும்பலகையில் போய்ச் சாய்ந்தாள்.
முதுகில் ‘அ’ திரும்பிப் பதிந்தது.

அவர் இடுப்பைப் பிடித்தபடி நின்றார்.
“வலிக்குதாண்ணே?”
“உள்ளுக்கை ஒரு இரும்புத்துண்டு, பிள்ளை.
எடுக்கேலாது எண்டிட்டாங்கள்.
மழைக்கு முன்னம் எனக்குச் சொல்லும்.”
“எனக்குத் தோள்ல இருக்கு” என்றாள்.
“ஆனா அது பொய் சொல்லும்ணே.
மழைங்கும். ஓடிப்போய்த் துணிய எடுப்பேன்.
வெயிலு பொளக்கும்.”

அப்போதுதான்.
முதலில் புண்ணியமூர்த்தி,
கதவைப் பிடித்துக்கொண்டு, வயிறு குலுங்க:
“அதை வானிலைத் திணைக்களத்துக்குக் குடுங்கோ பிள்ளை,
அங்கையும் அப்பிடித்தான்!”
பிறகு அவள். பிறகு நாங்கள்.
தலைவரின் கண்ணாடி விழுந்தது.
பரீட்சை மேற்பார்வையாளர் வந்து
எங்களைப் பிள்ளைகளைப்போல் முறைத்தார்.
எதற்குச் சிரிக்கிறோமென்று
அவருக்கு எப்படிச் சொல்வது?

நன்றாகச் சிரித்தவர்கள் கொஞ்சநேரம்
பொய்சொல்லக் களைத்திருப்பார்கள்.
“கயிறு உக்கினது. எனக்குத் தெரியும்” என்றார் அவர்.
“அதுல பதினோரு கன்னு
முன்னாடியே இலை சுருண்டுபோச்சுங்க” என்றாள் அவள்.
முப்பத்திரண்டு என்று திருத்தினேன்.

விலையில் மறுபடி பிடித்துக்கொண்டார்கள்.
ஒரு கன்றுக்கு நாற்பது என்றாள்,
இருபத்தைந்துக்கு மேல் சதமும் இல்லை என்றார்.
இருவரும் நின்றபடியே வாதாடினார்கள்,
கதிரையை ஒருவரும் நம்பவில்லை.
மத்தியானமும் கடந்தது.
அடுத்த சனிக்கு ஒத்திவைத்தோம்.

சைக்கிளை எடுக்கும்போது அவர்
வானத்தைப் பார்த்தார், பிறகு அவளை.
“உங்கடை என்ன சொல்லுது?”
“மழைங்குதுண்ணே.”
“அப்பப் பயமில்லை” என்று மிதித்தார்,
“நெல்லைக் காயப்போடலாம்.”