அசைந்த பாகம் மட்டும்

முசாஃபா, முப்பத்தேழாம் பிளாக்.
டைப்பிங் சென்டர் ஏசிக்குக் கீழே ஒரு வாளி.
சொட்டு எண்ணித்தான் மதியத்தைக் கடத்துவோம்.

மேசைக்கால் ஆடாமலிருக்க
யாரோ செருகிவைத்த புத்தகம்,
பழைய இங்கிலீஷ் சட்ட அகராதி.
மேசை மாறிய அன்று என் கைக்கு வந்தது.
அட்டை இல்லை,
'ஏ' முழுக்கவும் 'பி'யில் பாதியும் இல்லை.

ஆள் வராத நேரத்தில் படிப்பேன்.
மார்ட்கேஜ் என்றால் செத்த பிணையாம்.
கடனைக் கட்டினால் பிணை சாகும்.
கட்டாவிட்டால் நிலம் உனக்குச் சாகும்.
அடமானம் என்று நாம் சொல்வதில்
மானமாவது மிச்சமிருக்கிறது.
கர்ஃபியூ: நெருப்பை மூடு.

'டி'யில்தான் அந்தச் சொல். டியோடண்ட்.
மனிதனைக் கொன்ற பொருள்
கடவுளுக்குச் சேரவேண்டியது.
காளையோ, கொதிக்கும் அண்டாவோ,
பன்னிரண்டு பேர் கூடி விலை வைப்பார்கள்.
ராஜா வாங்கிக்கொள்வார், கடவுள் பேரில்.
நின்ற வண்டியின் சக்கரத்திலிருந்து விழுந்து செத்தால்
சக்கரம் மட்டும்.
ஓடுகிற வண்டி என்றால்
வண்டி, மாடு, மேலிருந்த வைக்கோல் வரை.

செவ்வாய்க்கிழமை வந்தன
செவத்தியான் மிக்கேலின் காகிதங்கள்.
அரபியிலிருந்து இங்கிலீஷுக்கு, நாலு பிரதி,
ஸ்டாம்ப் தனி.
கிரேன் கொக்கியில் நழுவிய பைப்,
ஆறு மீட்டர்.
மரணக் காரணம் என்ற கட்டத்தில்
ஒரே சொல்: விழுதல்.
விழுந்தது அவனா பைப்பா,
அரபி சொல்லவில்லை.
இங்கிலீஷ் கேட்கும்.

எதிரே உட்கார்ந்திருந்த ஃபோர்மேனிடம் கேட்டேன்,
அந்தப் பைப் இப்ப எங்க?
எந்தப் பைப்?
அப்புறம் யோசித்துச் சொன்னார்:
நாலாம் மாடியில கட்டியாச்சு மேடம்,
அன்னைக்குச் சாயங்காலமே.

பன்னிரண்டு பேரை மனசுக்குள் உட்காரவைத்தேன்.
பைப் மட்டுமா?
கிரேன் ஓடிக்கொண்டிருந்தது.
அப்படியென்றால் கொக்கி, கயிறு, எஞ்சின்,
எஞ்சினுக்குள் டீசல்,
ஓட்டியவனின் பதினாலாவது மணிநேரம்,
சுவரில் ஒட்டிய கெடு தேதி,
அந்தத் தேதியை நோக்கி அசைந்துகொண்டிருந்த
நாற்பது மாடி.
எங்கே நிறுத்துவது என்று
பன்னிரண்டாவது ஆளுக்கும் தெரியவில்லை.

பத்தியின் கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது:
வழக்கொழிந்தது.
ரயில் வந்த பிறகு ரத்து செய்துவிட்டார்களாம்.
எஞ்சின் விலை அதிகம்.

பைப் விழுந்ததால், என்று அடித்தேன்.
ஃபோர்மேன் விரல் வைத்து வாசித்தார்.
விரல் அந்த இடத்தில் நின்றது.
இது ஒண்ண மட்டும் மாத்திக்கலாமா மேடம்?

வாளி நிரம்பியிருந்தது.
கொட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.