முறை

கும்பகோணம். உரக்கடைக்கு மேலே மாடி.
ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கணினி.
பகல் எனக்கு. இரவு அவருக்கு.
அவரை வருகைப் பதிவேட்டில் மட்டும் பார்த்திருக்கிறேன்:
தே. இன்பநாதன். சாய்வான பச்சை மை.

எந்த ஊரோ, அதன் மருத்துவக் குறிப்புகளை
இங்கே தட்டுகிறோம்.
யாரோ ஒருவருடைய ஐந்தாம் கழுத்தெலும்பைப்
பதினோரு தடவை தட்டிய மதியம்தான்
என் கழுத்து முதன்முதலாக
என்னோடு பேசியது.

திரையை இறக்கினேன், மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக.
நாற்காலியை ஏற்றினேன், முழங்கை மேசை மட்டத்துக்கு.
நாலடி பத்தங்குலக்காரி; ஏற்றியதும் கால் தொங்கிற்று.
கீழே போய் விதைப்பெட்டி ஒன்று கேட்டேன்.
எதற்கு என்றார் கடைக்காரர்.
கால் வைக்க என்றேன்.
நெல் படம் போட்ட பெட்டியிலா காலு என்று
பூச்சிமருந்துப் பெட்டி எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை
நாற்காலி அடிமட்டத்தில்.
திரை, நாலு தடித்த கணக்குப் புத்தகங்களின் மேல்.
பெட்டி மூலையில், குப்புற.
மேசையே திரும்பியிருந்தது:
எனக்கு மேற்கு வெயில் பகை,
அவருக்கு டியூப்லைட் போலும்.

நாலு நாள் பல்லைக் கடித்தேன்.
ஐந்தாம் நாள் மேசைக் காலில்
நகப்பூச்சால் சிவப்புக் கோடு: இருக்கை இதுவரை.
ஆறாம் நாள், அதற்கு நாலு விரற்கடை கீழே
பச்சை மையில் இன்னொன்று.

வலங்கைமான் பஸ்ஸில் வருகிறவளுக்கு
இதை விளக்க வேண்டாம்.
வாய்க்கால் ஒன்று, வயல் ரெண்டு என்றால்
முறை வைத்துத்தான் தண்ணீர்.
தன் முறை முடிந்தவர்
மடையை மாற்றிவிட்டுப் போக வேண்டும்.

அதனால் ஆறு மணிக்கு எழுந்ததும்
நாற்காலியைப் பச்சைக்கு இறக்கி,
புத்தகம் நாலையும் அடுக்கி,
மேசையைத் திருப்பிவிட்டுப் போவேன்.
காலையில் வந்தால் சிவப்பில் நாற்காலி,
காலடியில் பெட்டி,
மௌஸ் இடப்பக்கம்.
நான் இடதுகைக்காரி. சொன்னதே இல்லை.

ஐப்பசி முழுக்க மழை.
வலியில்லாத கழுத்தோடு
பிறத்தியார் வலியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று வந்தேன்.
நாற்காலி பச்சையில்.
புத்தகம் நான் அடுக்கிய வாக்கில்.
மௌஸ் வலப்பக்கம்.
ராத்திரி மடையை யாரும் தொடவில்லை.

நைட் ஷிஃப்டை எடுத்தாச்சும்மா என்றார் மேனேஜர்,
இனிமே மேசை முழுக்க உனக்குத்தான்.
தீபாவளி இனாம் கொடுக்கிற குரல்.

ஏற்றினேன். பெட்டியை இழுத்துப் போட்டேன்.
முழங்கை சரி. கண் சரி. வெயில்கூடச் சரி.
பன்னிரண்டு கோப்பு முடித்தேன்,
மூன்றில் தப்பு.

ஆறு மணி.
கை தானாக லீவரைத் தேடிற்று.
நாற்காலி மூச்சு விட்டபடி இறங்கி
பச்சைக் கோட்டில் நின்றது.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
புத்தகங்களையும் அடுக்கிவிட்டுத்தான் போனேன்.