ஆள் இருக்கு

டாக்காவில் விடிவது
முதலில் பைகளுக்கு.

நூலகக் கதவு எட்டு மணிக்குத்தான்.
நான்கரைக்கே சுவரோரம் வந்து
உட்கார்ந்துவிடுகின்றன
தோள்வார் கிழிந்தவை, ஜிப் போனவை,
ஏதோ மருந்துக் கம்பெனி இலவசமாய்க் கொடுத்தவை,
ஆட்களுக்குப் பதிலாக.

ஆட்கள் எதிர்க்கடையில்
சிவப்புத் தேநீரில் தொட்டு
உலகத்தைத் தின்றுகொண்டிருப்பார்கள்:
புர்கினா ஃபாசோவின் தலைநகர்,
தாமரைக்கு வங்காளத்தில் எத்தனை பெயர்,
இரண்டு குழாய் நிரப்பும் தொட்டியில்
மூன்றாவது குழாய் ஏன் ஒழுகிக்கொண்டே இருக்கிறது.

நான் மண்ணியல் படித்தவள்.
குரிகிராம் பக்கத்து ஆற்றுத் திட்டில்
ஒரு பிடி அள்ளிக் கசக்கினால்
எத்தனை வெள்ளம் பார்த்த மண் என்று சொல்லிவிடுவேன்.
எந்த வினாத்தாளும் அதைக் கேட்டதில்லை.
போன முறை கேட்டது,
நான் நின்றுகொண்டிருக்கும் இந்த ஊருக்கு
முகலாயர் வைத்த பெயர்.
அதையும் தப்பாக எழுதினேன்.

மாலையில் தன்மண்டியில் ஒரு பையனுக்குப்
பின்னம் சொல்லித்தருகிறேன்.
மெஸ் பணம் அதில்தான்.
"ஆபா, நீங்க எத்தனாவது?" என்றான்.
"மூணாவது."
"மூணாவதா? நான் எட்டாவது!"
சிரித்தான். நானும்.

என் பைக்கு முன்னால் எப்போதும்
ஒரு நீலப் பை இருக்கும்.
மார்க்கரில் எழுதியிருக்கும்:
மொசாத்தெக், உயிர்வேதியியல்.
ஆளைப் பார்த்ததில்லை.
எட்டு மணிக்குக் கதவு திறந்து
எல்லாரும் முட்டிமோதி உள்ளே போனபின்
அது மட்டும் வெளியே நிற்கும்,
மறுநாள் விடியலில்
மறுபடி வரிசையில் இருக்கும்.

ஆனி மழையில் ஒருநாள்
அதன் ஜிப் விட்டுப்போயிற்று.
உள்ளே இரண்டு செங்கல்,
சுற்றியிருந்த பழைய செய்தித்தாள்,
படம் ஊறிப்போன ஒரு நுழைவுச்சீட்டு.
பிறந்த தேதி தெரிந்தது.
கணக்குப் போட்டோம். கணக்கில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.
வயது வரம்பைத் தாண்டிப்
பதினான்கு மாதம்.

காஜிபூரில் டைல்ஸ் விற்கிறான் என்றார்கள்.
கத்தார் போய்விட்டான் என்றார்கள்.
பஸ் ஜன்னலில் பார்த்தேன் என்றான் ஒருவன்,
பிறகு, அவனாக இருக்காது என்றான்.
"ஓரமாய் எடுத்து வையுங்கள்,
ஓரிடமாவது மிச்சம்" என்றாள் நிலுஃபா.
சரிதான். ஓரிடம் என்றால்
மின்விசிறிக்கு நேர்கீழே ஒரு நாற்காலி.
யாரும் குனியவில்லை.
அவளும்தான்.

தினமும் அதை வரிசையில் வைப்பது யார்?
தேநீர்க்காரர் என்று காவலாளி நினைத்திருந்தார்.
காவலாளி என்று தேநீர்க்காரர்.

முடிவு வந்த இரவு
என் எண்ணுக்கு முந்தைய எண் இருந்தது,
அடுத்ததும் இருந்தது.
நடுவில் கொஞ்சம் வெள்ளைக் காகிதம்.
அம்மாவின் அழைப்பை எடுக்கவில்லை.
எங்கே போவதென்று தெரியாமல்
கால் இங்கே வந்தது. மணி மூன்று.
ஒரு பை இல்லை, ஒரு நாய் கூட இல்லை.
படிக்கட்டின் அடியில்
நீலப் பை கவிழ்ந்து கிடந்தது.

தூக்கினேன்.
என் பையைவிடக் கனம்.
தண்ணீரை உதறி, நிமிர்த்தி,
கதவோரம் வைத்தேன்.
அதன் பின்னால் என்னுடையதை.
முதலிடம் மொசாத்தெக்.
இரண்டாமிடம் நான்.
நவம்பரில் எனக்கும் வரம்பு.

நாலேகாலுக்கு ஒருவன் வந்தான்.
சட்டையில் இஸ்திரி மடிப்பு,
பையில் இன்னும் விலைச்சீட்டு.
"முன்னால் இருப்பது யாருடையது?"
காலால் லேசாகத் தள்ளிப்பார்த்தான்.
அசையவில்லை.

"ஆள் இருக்கு," என்றேன்.
"வருவார்."

தலையாட்டினான்.
தன் பையை என் பைக்குப் பின்னால் வைத்துவிட்டுப்
புத்தகத்தைத் திறந்தான்.
பேச்சுத் துணைக்குப் போல் கேட்டான்:
"புர்கினா ஃபாசோ?"

"வாகடூகு," என்றேன்,
கண்ணைத் திறக்காமல்.