வட்டிப் பலகை

முக்கூடல் கிளையில் வட்டிப் பலகைக்கு
எண் மாட்டுவது நான்தான்.
அதுபோக டீ வாங்குவது, டோக்கன் கொடுப்பது,
பாஸ்புக் மெஷின் சிக்கினால் தட்டுவது.
தினக்கூலி. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை
நிறுத்திவிட்டு மறுநாள் எடுத்துக்கொள்வார்கள்.

மும்பையில் கால் சதவீதம் இறக்கினார்கள்.
சுற்றறிக்கை ஊர் வந்து சேர ஒரு வாரம்.
ஸ்டூல் போட்டு ஏழைக் கழற்றி டின்னில் போட்டேன்.
எண்ணைச் சொல்கிறேன்.
டின்னில் ஆறு இல்லை,
இருந்ததெல்லாம் மேல்வரிசையில் தொங்குகிறது.
ஒன்பதைக் கவிழ்த்து செலோ டேப் ஒட்டினேன்.
ஆறே முக்கால், மூத்த குடிமக்களுக்கு.

ஆனி மாதக் காற்று. ஜன்னல் வழியே சாரல்.
ராத்திரியில் டேப் விட்டிருக்கிறது.
ஒற்றை ஆணியில் ஆறு தன் போக்கில் சுற்றி
ஒன்பதாய் நின்றது.
நான் கவனிக்கவில்லை.
ஜெபரத்தினம் சார் கவனித்தார்.

முந்தாநாள்தான் கேட்டார்,
"இன்னும் எவ்வளவுடே இறக்குவானுவ?"
வட்டியில்தான் அவருக்கு சர்க்கரை மாத்திரை.
இன்று செக் புத்தகத்தோடு வந்தார்,
பின்னால் அவர் மருமகன்,
அவன் பின்னால் உரக்கடை கோமதிநாயகம்.
பதினோரு மணிக்குள் வரிசை கேட்டைத் தாண்டியது.
ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை.
பேசினால் எண் பறந்துவிடும் என்பதுபோல.

பேச்சித்தாய் மட்டும் நகைக்கடன் கவுண்டரில்.
கம்மலைத் திருப்ப அல்ல, மறுபடி வைக்க.
வாரத்துக்கு மூணு நாள்தான் கம்பெனியில் இலை போடுகிறார்கள்,
மிச்ச நாள் பீடித்தட்டு சும்மா கிடக்கிறது.
"வட்டி இறங்கிட்டுன்னு சொல்லுதாவளே,
எனக்கு எவ்வளவு சார் இறங்கும்?"
"இது அதுக்குப் பொருந்தாதும்மா."
"அப்ப எதுக்குப் பொருந்தும்?"
மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

எங்களுக்கும் எண் தெரியும்.
பாபநாசம் அணை நூறு அடி என்றால்
காருக்கு நாற்று பாவலாம்.
அறுபது என்றால் பொறுக்க வேண்டும்.
நாட்டின் வளர்ச்சி ஆறரை என்கிறது டிவி.
ஆறரை அடியா, ஆறரை மரக்காலா,
அதை நம்பி எதைப் பாவ?
என் மச்சினன் கங்கைகொண்டானில்
சோலார் கம்பெனி வாசலில்
மூன்றாம் தடவையாக பயோடேட்டா கொடுத்திருக்கிறான்.
வாட்ச்மேன் வாங்கி வைத்துக்கொண்டாராம்.

மேனேஜர் தலை தூக்கியது அப்போதுதான்.
"ஏய், பலகையைப் பாரு!"

ஏறினேன்.
வரிசை மொத்தமும் என் கையைப் பார்த்தது.
ஒன்பதைப் பிடித்துத் திருப்பினேன்,
ஒரு குழாயை அடைப்பதுபோல இருந்தது.
கோமதிநாயகம் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார்.
ஜெபரத்தினம் சார் பேனாவுக்கு மூடி போட்டார்.
"அரை மணி நேரம் நல்லாத்தான்டே இருந்துச்சு."

கையை எடுத்தால் சுற்றுகிறது.
விரலால் அழுத்திக்கொண்டு நிற்கிறேன்.
டேப் தீர்ந்துவிட்டது.
கடைக்கு அனுப்ப இந்தக் கிளையில் ஒரே ஆள்,
அவன் ஸ்டூல் மேல் நிற்கிறான்.